ஊக்கமும் உடற்பயிற்சியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் நாம் உடற்பயிற்சி பற்றிப் பேச எழுந்தது சிலருக்கு வியப்பாகலாம். நாம் மல்லரும் அல்லோம், மருத்துவரும் அல்லோம். பயிற்சியைத் தொடங்கிக் கைவிட்டு, மீண்டும் தொடங்கி மீண்டும் கைவிட்டவர் நாம். அத்தோல்வியே இங்குப் பேச நமக்குள்ள தகுதி.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மோடு பணிபுரியும் நண்பர் ஒருவர் நடைமேம்பாலத்துப் படிகளில் ஏறுகையில் நெஞ்சைப் பற்றிக்கொண்டு அமர்ந்துவிட்டார். வயது 44. நல்லூழால் பிழைத்தார். மருத்துவமனையில் அவருடைய இளைய மகள் நம்மை நோக்கி, "மாமா, அப்பா இனி என்னோடு பள்ளிக்கூடம் வரை நடந்து வருவாரா?" என்று வினவினாள். விடை கூற நம்மால் இயலவில்லை.

அடுத்த ஞாயிறன்று குடியிருப்பினர் 11 பேர் அல்சூர் ஏரிக்கரையில் கூடினோம். அச்சம் தந்த வேகத்தில் முதல் நாளே ஓட்டம், 50 தண்டால், 100 பஸ்கி என்று வகுத்துக்கொண்டோம். மூன்றாம் வாரத்தில் எஞ்சியவர் மூவரே. ஒருவரை மழை தடுத்தது. ஒருவரை இரவுப்பணி தடுத்தது. உடல்வலியோ எல்லாரையும் தடுத்தது.

உட்கார்ந்து உழைப்போர்க்குப் பயிற்சி இன்றியமையாதது என்பதற்குச் சான்று உண்டு. லண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளை ஆராய்ந்து, ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர் தோழரும் 1953இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிட, படியேறி இறங்கிய நடத்துநருக்கு இதயநோய் குறைவாகவே கண்டது. எழுத்தர்களாகிய நாம் எவ்வினத்தைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஆயினும், அறிவது வேறு. நாள்தோறும் ஆற்றுவது வேறு. வள்ளுவப் பெருந்தகை 60ஆம் அதிகாரமாக ஊக்கமுடைமையை வைத்தார். அதனையடுத்து மடியின்மையை வைத்தார். அதன்பின் ஆள்வினையுடைமையை வைத்தார். இவ்வரிசையில் நாம் கண்ட பொருள் இது: ஊக்கம் நம்மை எழுப்பும், ஆனால் மறுநாளே சோம்பல் வந்து வாயிலில் நிற்கும். அதனை வென்றபின்னரே முயற்சி நிலைபெறும். நாங்கள் 11 பேரும் முதலதிகாரத்தோடு நின்றுவிட்டோம்.

நாம் வாழும் இந்நகரம் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. கோலார் மாவட்டத்தில் 1897இல் பிறந்த கே. வி. ஐயர் இங்கு ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடத்தை நடத்தினார். எடைப் பயிற்சியையும் யோகாசனத்தையும் இணைத்தார். சூரிய நமஸ்காரம் பற்றி நூல் எழுதினார். அவரோடு தொடர்புடைய தமிழர் எஸ். சுந்தரம், "சுந்தர யோக சிகிச்சை" என்னும் நூலை நமக்களித்தார். ஐயர் அஞ்சல் வழியாகவும் பயிற்சி கற்பித்தார். எண்ணிப் பாருங்கள்! தொலைவிலுள்ள மாணவனை அதட்ட ஆசான் இல்லை. பாராட்டத் தோழர் இல்லை. கையிலுள்ள தாளும், தான் தனக்குக் கொடுத்த வாக்குமே அவனுக்குத் துணை.

பழக்கம் ஒரே நாளில் வேரூன்றுவதன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியார் 96 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செயல் இயல்பாகப் படிய ஏறத்தாழ 66 நாள் ஆயிற்று. சிலர்க்கு 18 நாளே போதுமாயிருக்க, சிலர்க்கு 254 நாள் வரை வேண்டும் என்று கணித்தனர். இடையே ஒரு நாள் தவறியதனால் பெருங்கேடு விளையவில்லை என்பதையும் கண்டனர். நின்ற வண்டியை நகர்த்தவே எஞ்சினுக்குப் பெருவிசை வேண்டும். ஓடத் தொடங்கியபின் அத்துணை வேண்டாம். இதனை அன்றாடம் கண்டும் நாம் கற்கவில்லை!

எனவே மீண்டும் தொடங்கினோம். இம்முறை சிறிதாகத் தொடங்கினோம். 15 நிமிட நடை, 5 தண்டால், 10 பஸ்கி. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை சிறிது கூட்டினோம். இரவுப்பணியினர்க்கு மாலை வேளையை வகுத்தோம். அலுவலகத்தில் உள்ளதுபோல் ஒரு வருகைப் பதிவேடும் வைத்தோம். ஒரு நாள் வாராதவரைக் கேட்பதில்லை. இரண்டாம் நாளும் வாராவிடில் அண்டை வீட்டார் கதவைத் தட்டுவார். இன்று எண்மர் நிலைத்துள்ளோம்.

நோயுற்றோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. தாய்மார்களும் வருக. அந்த அரைமணி நேரம் ஆடவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டால் குடும்பம் குலைந்துவிடாது. காப்பி சற்றுக் கசக்கலாம், அவ்வளவே.

நம் நண்பரும் மருத்துவர் இசைவு பெற்று மெல்ல நடக்கிறார். காலையில் தம் மகளின் புத்தகப் பையைத் தோளிலிட்டு, பள்ளிவாயில் வரை அவளோடு செல்கிறார். அன்று நாம் கூறவியலாத விடையை அவர் நாள்தோறும் கால்களால் கூறுகிறார். நாளை விடியலில் ஏரிக்கரையில் காத்திருப்போம். வருக!