முதியோருக்கு ஏற்ற நடைவண்டி

(ஏற்காடு ஒன்றியம், மஞ்சக்குட்டை ஊராட்சியில் மகளிர் சுயஉதவிக் குழுவினரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குழந்தை நடை பழகுவதற்கு மூன்று சக்கரமுள்ள மர நடைவண்டியைச் செய்து கொடுப்பது நம் நாட்டின் பழைய வழக்கம். நடை தளர்ந்த முதியோருக்கும் அத்தகைய வண்டி உண்டு. இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட ஐனா விஃபால்க் என்னும் சுவீடன் நாட்டு அம்மையார், 1978ஆம் ஆண்டில் நான்கு சக்கர நடைவண்டி ஒன்றை உருவாக்கினார். இன்று கடைகளில் ‘ரோலேட்டர்’ என்னும் பெயரில் விற்கப்படுவது அவ்வகை வண்டியே. அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன், தாயின் மீதுள்ள அன்பினால் பளபளப்பான வண்டியொன்றை வாங்கி வருகிறான். சில மாதங்களில் அவ்வண்டி திண்ணை மூலையில் துணி உலர்த்தும் கொடியாகிவிடுகிறது. தாயோ கட்டிலை விட்டு இறங்குவதில்லை. இதனைப் பல இல்லங்களில் கண்டிருக்கிறேன். இது கிழவியின் பிடிவாதமன்று. அவருடைய உடலுக்கும் வீட்டுக்கும் வழிக்கும் வண்டி பொருந்தவில்லை என்பதே காரணம். நடவாத கால் மேலும் வலுவிழக்கும். பொருந்தாத வண்டியுடன் நடந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலோ, முதுமையில் அது படுக்கையிலேயே கிடத்திவிடக் கூடும். ஆதலின் பணத்தை எடுக்குமுன் நான்கு செய்திகளை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, நடப்பவரின் நிலை. உடற்பாரம் முழுவதையும் கைகளில் ஊன்றியே நடக்கக்கூடியவருக்கு நான்கு சக்கர வண்டி ஆகாது. சாய்ந்தவுடன் அது முன்னே ஓடிவிடும். அத்தகையோருக்குச் சக்கரமில்லாத வாக்கரோ, முன்கால்களில் மட்டும் சக்கரமும் பின்கால்களில் ரப்பர்க் குமிழும் உள்ள வாக்கரோ ஏற்றது. பாரத்தைத் தம் கால்களிலேயே தாங்கி, நிலை தவறாமல் இருக்கவும் இடையிடையே உட்கார்ந்து இளைப்பாறவும் மட்டும் துணை வேண்டுவோருக்கே நான்கு சக்கர வண்டி பயன்படும். எது தக்கது என்பதை மருத்துவரிடமோ, இயன்முறை மருத்துவரிடமோ கேட்டறிவது நலம்.

இரண்டாவது, நடக்கும் வழி. சமவெளியில் உதவும் வண்டி மலையில் உதவும் என்று கொள்ளலாகாது. நம் சேர்வராயன் மலையில் வீடுகள் பல சாலைக்கு மேலும் கீழுமாக அமைந்துள்ளன. இடையே சரிவும் படிக்கட்டும் சரளைக் கல்லும் உண்டு. சிறு சக்கரம் கல்லில் தட்டி நின்றால் நடப்பவர் முன்னே சாய்ந்து விழுவார். வெளியில் கொண்டு செல்வதாயின் ஏறத்தாழ 8 அங்குல விட்டமுள்ள சக்கரம் வேண்டும். வீட்டின் மிகக் குறுகிய வாயிலை அளந்து, வண்டி அதில் நுழையுமா என்றும் பார்க்க வேண்டும். எவ்வகைச் சக்கர வண்டியும் படிக்கட்டுக்கு ஆகாது. அங்கே கைப்பிடிக் கம்பியும் ஒருவர் துணையுமே வழி.

மூன்றாவது, உயரம். வழக்கமாக அணியும் செருப்புடன் முதியவரை நிமிர்ந்து நிற்கச் செய்து, கைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டின் மடிப்புக் கோடு எங்குள்ளதோ, அவ்வளவே கைப்பிடியின் உயரம். பிடித்து நிற்கும்போது முழங்கை சற்றே மடிந்திருக்கும். கைப்பிடி தாழ்ந்தால் முதுகு கூனும், உயர்ந்தால் தோள் நோகும், ஊன்றவும் வலுவிராது.

நான்காவது, தடை. நான்கு சக்கர வண்டிக்குத் தடையே உயிர். மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர் அதனை அழுத்த இயலுமா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். உட்காருமுன் இரு பக்கத் தடைகளையும் பூட்டுதல் அவசியம். ஒருவரை அதில் உட்கார வைத்துத் தள்ளிச் செல்வது பெருந்தவறு. அது சக்கர நாற்காலியன்று. இறக்கத்தில் தடையை மெல்லப் பிடித்தவாறு, வண்டியைத் தம்மை விட்டு முன்னே ஓடவிடாமல் செல்ல வேண்டும். செங்குத்தான சரிவில் துணையின்றிச் செல்லவே கூடாது.

இவையனைத்துக்கும் மேலாக, வாங்கப் போகும்போது முதியவரையும் உடனழைத்துச் செல்லுங்கள். அது இயலாவிடில் அளவுகளைக் குறித்துச் செல்லுங்கள். அவர் நடந்து பார்த்து, ‘இது எனக்குச் சரி’ என்று சொல்வதே முடிவான சோதனை.

வாங்க வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள 60 வயது நிறைந்தோருக்கென 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தின்கீழ், முகாம்களின் வாயிலாக ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி முதலியன வழங்கப்பெற்றுள்ளன. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. முதியோர் உதவிக்கு 14567 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. எழுதப் படிக்க அறியாத முதியோரின் சார்பில் விண்ணப்பம் எழுதித் தருவது சுயஉதவிக் குழுக்கள் ஏற்கத் தக்க நற்பணியாகும்.

இறுதியாக ஒன்று. வண்டியை மட்டும் வாங்கினால் போதாது. வழியையும் செப்பனிட வேண்டும். வாயிற்படி அரையடி உயரமாயின், அதற்குச் சாய்தளம் ஆறடி நீளமாவது இருத்தல் வேண்டும். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. மழைக்காலத்தில் வாயிலில் படியும் பாசியைச் சுரண்டுவதும், தேய்ந்த ரப்பர்க் குமிழை மாற்றுவதும், சக்கரத்தில் சிக்கிய நூலையும் முடியையும் அகற்றுவதும் வீட்டார் செய்யக் கூடியவை. சாலைவரையிலான நடைபாதையைச் செப்பனிட்டுக் கைப்பிடிக் கம்பி அமைக்கும் கோரிக்கையைக் கிராம சபையில் வையுங்கள். கேட்டால்தான் தீர்மானத்தில் இடம்பெறும்.

இம்மலையின் காப்பித் தோட்டங்களில் காலமெல்லாம் ஏறி இறங்கிய கால்கள் அவை. இன்று அவர்கள் வேண்டுவது, வாயிலுக்கு வந்து வெயில் காய்ந்து, அண்டை வீட்டாருடன் நாலு வார்த்தை பேசுவது மட்டுமே. அச்சமின்றி அதனை அவர்கள் செய்ய வழி அமைப்பதும் கிராம வளர்ச்சியே ஆகும்.