வீட்டுக் கொட்டகையில் ஒரு ஹெரால்டு

(குற்றாலத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வெளியே சாரல் அடிக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்ற செய்தியும் வந்துவிட்டது. உங்கள் மனம் இப்போது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

நான் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மாணவத் தம்பிகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, என்ன மாத்துனா வண்டி பறக்கும்?" அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன். தென்காசியில் எங்கள் சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் நின்ற ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வைத்தே சொல்கிறேன்.

இளையவர்கள் பலர் ஹெரால்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த கார் அது. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் மூலம். முன்பக்கப் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முதலை வாய் போல முன்னோக்கித் திறக்கும். அந்தக் காலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின.

இந்தச் சாதுவான குடும்பக் காருக்கு ஒரு பந்தயக் குதிரை உறவு. இதே ஹெரால்டின் சட்டத்தைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். இன்ஜினும் ஒரே குடும்பம். நம் ஹெரால்டில் சிலிண்டர் விட்டம் 63 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76. நான்கு சிலிண்டருக்குக் கணக்குப் போட்டால் 948 சி.சி. வரும். ஸ்பிட்ஃபயரில் ஸ்ட்ரோக் அதே 76, விட்டம் மட்டும் 69.3. அது 1147 சி.சி. அதோடு இரட்டைக் கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரஷன். குதிரைத்திறன் சுமார் 35-இலிருந்து 63 ஆனது.

சித்தப்பா மகன் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தான். அவனும் உங்களைப் போல இங்கே படிப்பவன்தான். "அண்ணே, நாமளும் ஸ்பிட்ஃபயர் ஆக்கிருவோம்" என்றான். ஆனால் வண்டியோ புளியரை ஏற்றத்திலேயே திணறியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைந்தது, வண்டி நகரவில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்று யாரும் சொல்லிவிடலாம். ஏன் வழுக்குகிறது என்பதுதான் கேள்வி.

அந்த ஊர் மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் துணைக்கு வந்தார். ஸ்பேனரை எடுக்கும் முன் அவர் சொன்னது இது: "தம்பி, பிரிக்கிறது பெரிசு இல்ல. பிரிச்ச பொறவு வண்டிகிட்ட கேள்வி கேக்க முடியாதுல்லா. இப்பவே கேட்டுக்கிடுங்க."

எப்படிக் கேட்பது? இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்ச் பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் முன்பக்கம் கிராங்க் ஷாஃப்ட் புல்லியில் டயல் கேஜை வைத்துப் பார்க்க வேண்டும். பெடலை மிதிக்கும்போது கிளட்சின் விசை கிராங்க் ஷாஃப்டை முன்னே தள்ளும். அதைத் தாங்குவதற்காகப் பின்பக்க மெயின் பேரிங் அருகே அரைவட்ட வடிவில் இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள் உண்டு. அனுமதிக்கப்பட்ட ஆட்டம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். எங்கள் வண்டியில் 0.35 வந்தது.

கியர்பாக்ஸை இறக்கியதும் காரணம் விளங்கியது. ஹெரால்டில் கியர்பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே எடுக்கலாம். முன் சீட்டுகளையும் நடுவிலுள்ள மூடியையும் கழற்றினால் போதும். உள்ளே கிளட்ச் பிளேட் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கக் கசிவு. முன்பு எப்போதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் வழுக்கலை நிறுத்துவதற்காகக் கனமான ஸ்பிரிங் உள்ள பிரஷர் பிளேட்டைப் போட்டிருக்கிறார்கள். எண்ணெய்க் கசிவை விட்டுவிட்டார்கள்.

இங்கேதான் நம் மெஷின் டிசைன் பாடம் வருகிறது. கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை என்பது நான்கு எண்களின் பெருக்கல்: உராயும் பரப்புகள், உராய்வுக் கெழு, ஸ்பிரிங் விசை, சராசரி ஆரம். உதாரணத்துக்கு, பரப்பு 2, கெழு 0.3, விசை 3000 நியூட்டன், ஆரம் 68 மில்லிமீட்டர் என்று வையுங்கள். விடை 122 நியூட்டன் மீட்டர். ஹெரால்டு இன்ஜின் கொடுப்பது 65-க்குச் சற்று மேலே, ஸ்பிட்ஃபயர் 90 அளவில். இரண்டுக்கும் அந்தக் கிளட்ச் போதும். எண்ணெய் பட்டுக் கெழு 0.15 ஆனால்? விடை 61. ஹெரால்டுக்கே போதாது!

ஆக, குறைந்தது உராய்வுக் கெழு. அவர்கள் கூட்டியது ஸ்பிரிங் விசை. பெருக்கலில் விடை சரியாகத்தான் வரும். ஆனால் கூட்டிய விசை ஒவ்வொரு மிதிக்கும் த்ரஸ்ட் வாஷரைத் தின்றது. அது தேய்ந்து கீழே விழுந்தால் கிராங்க் ஷாஃப்ட் போகும், பிளாக்கும் போகும். கிளட்சுக்குச் செய்த வைத்தியம் இன்ஜினைக் கொல்லப் பார்த்தது. ஒன்றை மாற்றினால் அடுத்தது கணக்குக் கேட்கும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு வரிதான்.

பிறகு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். கசிவை நிறுத்தினோம். த்ரஸ்ட் வாஷர்களை ஓவர்சைஸில் போட்டு ஆட்டத்தை 0.15-க்குக் கொண்டு வந்தோம். ஸ்பிரிங்கைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே திருப்பினோம். ஃப்ளைவீல் முகத்தைக் கடைசல் பிடித்தோம். சிலிண்டரை போர் செய்யும் வேலைக்கு மட்டும் பட்டறைக்குப் போனோம். வால்வை கிரைண்டிங் பேஸ்ட் வைத்து உட்கார வைத்தது வீட்டுத் திண்ணையில். நான்கு பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்து எடையை ஒன்றாக்கினோம். இன்ஜின் அதிராமல் சுற்றுவதற்கு இதைவிட மலிவான மேம்பாடு கிடையாது.

வீட்டில் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பழைய கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் தம்பி கேட்டான்: "இவ்வளவு பாடுபட்டும் அதே 35 தானா? ரெட்டைக் கார்புரேட்டர் போடலையா?"

அவனுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். 63 குதிரைத்திறன் கொடுத்தவர்கள் ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் கொடுத்தார்கள். எங்கள் வண்டியில் நான்கும் டிரம். பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி 80-இல் போனால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு மழையில் இறங்கும்போது அதை யார் விழுங்குவது? எதிரே பஸ்ஸில் வருகிறவனுக்கு நம் கார்புரேட்டர் தெரியாது.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு.

அப்படியானால் வேகத்தின் மேல் ஆசைப்படவே கூடாதா? தாராளமாகப் படலாம், அதற்குரிய இடத்தில். 1953-இல் தொடங்கிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் ஓடுதளம் அமைத்திருக்கிறது. கோவையின் கரிவரதன் மாருதி 800-இன் 796 சி.சி. இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். எல்லோருக்கும் ஒரே இன்ஜின். அப்போது பணத்தைவிடக் கையும் மூளையும்தான் ஜெயிக்கும். 1995-இல் ஒரு விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே.

மின்சாரக் கார்களில் பெரும்பாலும் கிளட்ச் கிடையாது, அப்புறம் இந்தப் பாடம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அங்கே பேட்டரி, மோட்டார், பிரேக், டயர் என்று சங்கிலி வேறு. ஒன்றை மாற்றினால் அடுத்தது கணக்குக் கேட்பது மாறவில்லை.

தம்பி தங்கைகளே, வீட்டில் பழைய வண்டி ஒன்று கிடந்தால் பயப்படாமல் கை வையுங்கள். பக்கத்தில் ஒரு அண்ணாச்சியை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அளங்கள், பிறகு பழுதை நீக்குங்கள், அதன் பின் பிரேக், வேகம் கடைசியில். சீசன் நெரிசலில் குற்றாலம் ரோட்டில் ஊர்ந்து போகும்போது பாதிக் கிளட்சில் காலை வைத்துக்கொண்டு போகாதீர்கள், அது தனிச் செலவு.