கரை ஏறினதும் கதை முடிஞ்சிடுதா?

இந்த எபிசோட்ல அகதி வாழ்க்கையைச் சொல்ற சில புத்தகங்களைப் பத்திப் பேசப்போறேன். ஆனா புத்தகத்துல இருந்து தொடங்கல. எங்க ஊர் ரோட்டுல இருந்து தொடங்குறேன்.

திருவண்ணாமலையில கிரிவலம் போனவங்களுக்குத் தெரியும், மலையைச் சுத்தி மொத்தம் 14 கிலோமீட்டர். பௌர்ணமின்னா லட்சக்கணக்கான பேர் வருவாங்க. சென்னையில இருந்து சாயங்காலம் பஸ் ஏறி, ராத்திரி முழுக்க நடந்து, விடிகாலையில திரும்பிடுவாங்க. அடி அண்ணாமலை வரும்போது கால் கெஞ்ச ஆரம்பிக்கும். எங்கயாவது உட்கார்ந்து ஒரு டீ குடிச்சிட்டு மறுபடி நடப்போம். அந்த அடி அண்ணாமலை, அத்தியந்தல் பக்கமெல்லாம் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கு. நான் இதே ஊர்ல பிறந்து வளர்ந்தவ. எத்தனை தடவை மலை சுத்தியிருப்பேன்னு கணக்கே இல்ல. ஆனா காலேஜ் சேர்ற வரைக்கும் அந்த முகாம்களைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது.

காலேஜ்ல எனக்கு ஒரு தோழி. பேர் சொல்லல. அவகிட்ட கேட்டுட்டுதான் இதைப் பேசுறேன். எங்க மாவட்டத்துல இருக்குற ஒரு முகாம்ல பிறந்தவ, 1999-ல. எங்ககூட இருக்கும்போது நாங்க பேசுற மாதிரியே பேசுவா. "என்னடி", "சும்மா இரு" எல்லாம் எங்க ஊர்ப் பேச்சுதான். ரெண்டாவது வருஷம் அவ தங்கச்சிக்குச் சாமத்திய வீடுன்னு எங்களைக் கூப்பிட்டா. நம்ம ஊர்ல மஞ்சள் நீராட்டு விழான்னு சொல்றோம்ல, அதுதான். வீட்டுக்குள்ள கால் வச்சதும் அவ பேச்சு மொத்தமா மாறிடுச்சு. "அம்மம்மா, இவை என்னோட படிக்கிற பிள்ளையள்." நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். ரெண்டு வருஷமா பக்கத்துல உட்கார்ந்திருந்தவளோட சொந்தக் குரலை அன்னைக்குத்தான் கேட்டோம்.

கடைசி வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ. எங்க வகுப்புல ஏழு பேருக்கு வேலை கிடைச்சுது. அதுல அவளும் ஒருத்தி. ஆவணங்கள் கேட்டாங்க, குடுத்தா. பாஸ்போர்ட் கேட்டாங்க, இல்லைன்னா. குடியுரிமைக்கு என்ன சான்றுன்னு கேட்டாங்க. முகாம் அடையாள அட்டையைக் காட்டினா. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு மெயில் வந்துது. அவ்வளவுதான். அந்த வேலை போயிடுச்சு.

அப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. புத்தகம் படிக்கிறவங்க செய்ற வேலையைத்தான் நானும் செஞ்சேன். ஒரு நாவல் வாங்கிக் குடுத்தேன். போர், ராத்திரில படகு, கடல், ஒரு குடும்பம் தப்பிச்சு இன்னொரு தேசத்துக் கரையை அடையுது. நான் அழுதுகிட்டே படிச்ச புத்தகம் அது. அவளுக்கு ஆறுதலா இருக்கும்னு நினைச்சேன். படிச்சு முடிச்சுத் திருப்பிக் குடுத்தா. "நல்லா இருக்கு. ஆனா கரை ஏறினதும் கதையை முடிச்சிட்டாங்களே. நான் பிறந்ததே அதுக்கப்புறம்தானே"ன்னா.

இந்த எபிசோட் அந்த ஒரு வாக்கியத்துல இருந்து வந்ததுதான்.

முதல்ல கொஞ்சம் பின்னணி. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகுதான் இலங்கையில இருந்து தமிழர்கள் பெரிய எண்ணிக்கையில தமிழ்நாட்டுக்கு வரத் தொடங்கினாங்க. 1990-ல சண்டை மறுபடி மூண்டதும் இன்னொரு அலை. தொண்ணூறுகளோட நடுவுல இன்னொண்ணு. 2006-க்குப் பிறகு கடைசி யுத்தம் நடந்தப்ப இன்னொண்ணு. எல்லாம் சேர்த்து மூணு லட்சம் பேருக்கு மேல. நிறைய பேர் திரும்பிப் போயிட்டாங்க, சிலர் வேற நாடுகளுக்குப் போனாங்க. இன்னைக்கும் நூறுக்கும் மேற்பட்ட முகாம்கள்ல ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவங்க இருக்காங்க. முகாமுக்கு வெளியே, பதிவு செஞ்சுகிட்டு வாழறவங்க முப்பதாயிரம் பேருக்கு மேல.

இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில கையெழுத்துப் போடாத நாடு. அகதிகளுக்குன்னு தனிச் சட்டமும் நம்மகிட்ட இல்ல. அதனால அகதிங்கிற சொல் நம்ம பேச்சுல இருக்கு, சட்டத்துல அதுக்கு உறுதியான இடம் இல்ல. சட்டத்தோட கண்ணுல இவங்க வெளிநாட்டவர்.

"இங்கயே பிறந்தவங்களுமா?"ன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தேதி பார்த்துத்தான் பேசுது. 1987 ஜூலை 1-க்கு முன்னால இந்திய மண்ணுல பிறந்திருந்தா, பிறப்பாலேயே குடியுரிமை. அதுக்கப்புறம் பிறந்தவங்களுக்கு அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும். 2004 டிசம்பர்ல இருந்து விதி இன்னும் இறுகிடுச்சு. 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண் இந்தத் தேதியை வச்சே மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய், 2022-ல தனக்குப் பாஸ்போர்ட் கொடுக்கணும்னு உத்தரவு வாங்கினாங்க. 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. என் தோழி பிறந்தது 1999. பன்னிரண்டு வருஷம் லேட்டு. 2019-ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்னு மூணு நாட்டைத்தான் சொல்லுது. இலங்கை அதுல இல்ல.

சரி, இப்ப புத்தகங்களுக்கு வரேன்.

கரை ஏறினதுக்கு அப்புறம் என்னன்னு கேட்டா நான் முதல்ல கையில குடுக்குறது தொ. பத்தினாதன் எழுதிய 'போரின் மறுபக்கம்'. 2007-ல காலச்சுவடு வெளியிட்டது. 1990-ல மன்னார்ப் பகுதியில இருந்து தமிழ்நாட்டுக்கு வந்து, இங்க முகாம்ல வாழ்ந்தவர் தன் கதையை எழுதியிருக்கார். நம்ம ஊர் முகாமுக்குள்ள இருந்து ஒருத்தர் நம்ம மொழியில நேரா நம்மகிட்ட பேசுற புத்தகம். படிக்கும்போது எனக்கு உறுத்தினது என்னன்னா, அந்தக் கதையில எதிரே நிக்கிறது நாம. வீடு வாடகைக்குத் தர யோசிக்கிறதும், சந்தேகமாப் பார்க்குறதும் நம்ம ஆளுங்கதான். அவரோட 'அந்தரம்' நாவலையும் இதோட சேர்த்துப் படிக்கலாம். 'அந்தரம்'ங்கிற சொல்லையே பாருங்க. தரையிலும் இல்ல, வானத்திலும் இல்ல, நடுவுல நிக்கிற நிலை.

அடுத்தது ஷோபாசக்தியோட 'கொரில்லா', 2001. பிரான்ஸ்ல அகதி அந்தஸ்து கேட்டு எழுதுற ஒரு விண்ணப்பத்தோட அந்த நாவல் தொடங்குது. அதைப் படிச்சப்பதான் ஒரு விஷயம் எனக்குப் புரிஞ்சுது. அகதி தன் கதையை முதல்ல வாசகனுக்குச் சொல்றதில்ல. ஒரு அதிகாரிக்குச் சொல்றார். நம்புற மாதிரி, தேதி தப்பாம, அவங்களுக்குத் தேவைப்படுற அளவு துயரத்தோட சொல்லணும். கதை சரியா வரலைன்னா விண்ணப்பம் தள்ளுபடி. ஷோபாசக்தி நடிச்ச 'தீபன்' படத்துலயும் இதுதான். ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மூணு பேர், ஒரே குடும்பம்னு சொல்லிக்கிட்டுத்தான் ஐரோப்பாவுக்குள்ள நுழையுறாங்க. 2015-ல கான் திரைப்பட விழாவுல தங்கப்பனை விருது வாங்கின படம் அது.

மூணாவது, கொஞ்சம் பின்னால போகணும். புதுமைப்பித்தனோட 'துன்பக்கேணி'. திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாப் போற பெண்ணோட கதை. அகதிகளைப் பத்திப் பேசும்போது இது எதுக்குன்னு தோணலாம். முகாம்ல இருக்குறவங்கள்ல நிறைய பேரோட முன்னோர் இங்கிருந்து அப்படிப் போனவங்கதான். போனாங்க, நாலு தலைமுறை தேயிலை பறிச்சாங்க. 1948-ல இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவங்கள்ல பெரும்பாலானவங்களை நாடற்றவங்களா ஆக்குச்சு. 1964-ல சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ரெண்டு அரசாங்கமும் அவங்களைப் பங்கு பிரிச்சுக்கிட்டாங்க. மிச்சம் இருந்தவங்கள்ல பலர் போருக்குத் தப்பி இந்தப் பக்கம் வந்தப்ப முகாமுக்குப் போனாங்க. மண்டபம் முகாம் இருக்கே, அது வெள்ளைக்காரன் காலத்துல தோட்டக் கூலிகளைக் கப்பல் ஏத்துறதுக்கு முன்னால தனியா வச்சுச் சோதிக்கிற இடமா இருந்துது. அங்க இருந்து போனவங்களோட பேரப்பிள்ளைங்க அதே இடத்துக்குத் திரும்பி வந்தப்ப அவங்களுக்குப் பேர் அகதி.

வெளிநாட்டுப் புத்தகம் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஈரான்ல பிறந்த டினா நயேரி 2019-ல ஆங்கிலத்துல எழுதின புத்தகம். தலைப்பைத் தமிழ்ல சொன்னா 'நன்றி கெட்ட அகதி'. அடைக்கலம் குடுத்த நாடு அகதிகிட்ட காலம் முழுக்க நன்றியை எதிர்பார்க்குறதைப் பத்தின புத்தகம். இங்கயும் அது உண்டு. முகாம்ல யாராவது ஒரு குறை சொன்னா, "அரசாங்கம்தான் காசு குடுக்குதே"ன்னு உடனே ஒரு பதில் வரும். அந்தக் காசு எவ்வளவு தெரியுமா? 2021-ல உயர்த்தினதுக்கு அப்புறம் குடும்பத் தலைவருக்கு மாசம் 1,500 ரூபாய், மத்த பெரியவங்களுக்கு 1,000, பிள்ளைங்களுக்கு 500.

அந்த 2021 அறிவிப்புல நல்ல விஷயங்களும் இருந்துது. பழைய வீடுகளுக்குப் பதிலா 7,469 புது வீடுகள் கட்டுறதா சொன்னாங்க. 'அகதிகள் முகாம்'ங்கிற பேரை 'மறுவாழ்வு முகாம்'னு மாத்தினாங்க. புது வீடு பெரிய விஷயம். பத்துக்குப் பத்து அறையில சேலையைத் திரையா கட்டிக்கிட்டுப் பரீட்சைக்குப் படிச்சவகிட்ட கேட்டா சொல்லுவா. பேரைப் பத்தி அவகிட்ட கேட்டேன். "போர்டுல மாத்திட்டாங்க. கார்டுல இன்னும் நாங்க இலங்கைக்காரங்கதான். நான் ஒரு நாள்கூடப் போகாத ஊரு அது"ன்னா.

இதை எதுக்குச் சொல்றேன்னா, புத்தகக் கூட்டங்கள்ல இந்த மாதிரி நாவல்களைப் பேசும்போது நாம எல்லாரும் கடைசியில ஒரு சொல்லுக்கு வந்து சேருவோம். மன உறுதி. "எவ்வளவு கஷ்டத்துலயும் உடையாம நின்னிருக்காங்க பாருங்க"ன்னு சொல்லி, நெகிழ்ந்து, போட்டோ எடுத்துட்டு வீட்டுக்குப் போவோம். நானும் செஞ்சிருக்கேன். இந்தப் பேச்சோட முதல் வடிவத்தைத் தோழிக்கு அனுப்பினேன். அதுல "அவளோட மன உறுதி என்னை வியக்க வைக்குது"ன்னு ஒரு வரி இருந்துது. அவ போன் பண்ணி, "அதை மட்டும் எடுத்துடு"ன்னா. ஏன்டின்னு கேட்டேன். "உறுதியா இருக்கணும்னு நான் எதையும் பண்ணல. வேற வழி இல்ல, இருந்தேன். நீ பாராட்டினா, நான் இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கலாம்னு கேக்குறவங்களுக்குத் தோணும்."

அந்த வரியை எடுத்துட்டேன்.

அவ சொன்னதுக்கு அப்புறம் நான் படிக்கிற விதம் மாறியிருக்கு. அகதிகளைப் பத்தின புத்தகம் எதை எடுத்தாலும், கடல்ல எத்தனை பக்கம், கரையில எத்தனை பக்கம்னு பார்க்குறேன். கடல் ஒரு ராத்திரி. அதுல பயம் இருக்கு, ஆபத்து இருக்கு, நமக்குப் பக்கம் புரட்டத் தோணும். கரையில முப்பது வருஷம். அங்க என்ன இருக்கு? கணக்கெடுப்பு நாள்ல எல்லாரும் முகாம்ல இருக்கணும். ராத்திரி வெளியூர்ல தங்கணும்னா முன்கூட்டியே சொல்லணும். அப்பா பெயின்ட் வேலைக்குப் போவார். அவர் வாங்குற பைக்குக்கு உள்ளூர்க்காரர் ஒருத்தர் பேர்ல ஆர்.சி. புக் எடுக்கணும். இதையெல்லாம் சுவாரஸ்யமா எழுதுறது கஷ்டம். அதனாலதான் இதை எழுதினவங்க குறைவு. எழுதினவங்களை நாம தேடிப் படிக்கணும்.

தோழி இப்ப என்ன செய்றான்னு கேட்பீங்க. உள்ளூர்ல ஒரு கடைக்குக் கணக்கு எழுதுறா. சாயங்காலம் முகாம் பிள்ளைங்களுக்கு ட்யூஷன் எடுக்குறா. குடியுரிமைக்கு மனு குடுத்திருக்கா. இன்னும் பதில் வரல. பத்தினாதன் புத்தகத்தை நான் குடுத்தப்ப ரெண்டு நாள்ல முடிச்சிட்டு, அப்பாகிட்ட குடுத்திருக்கா. அவர் நாலு மாசமா வச்சிருக்காராம். திருப்பியும் தரல, அதைப் பத்தி எதுவும் பேசவும் இல்லையாம்.

உங்க காலேஜ்லயோ ஆபீஸ்லயோ இப்படி ஒரு தோழனோ தோழியோ இருந்திருக்கலாம். எந்த முகாம்னு அவங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். இப்ப சொன்ன புத்தகங்கள்ல ஒண்ணைப் படிச்சீங்கன்னா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல ப. சிங்காரத்தோட 'புயலிலே ஒரு தோணி' பத்திப் பேசலாம்னு இருக்கேன். அதுவும் ஊரை விட்டுப் போனவங்க கதைதான்.