திருந்துதலும் திருத்துதலும்



2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் நம் உள்துறை அமைச்சு 49 இரகசியக் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினருள் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இந்தியர் என்றும் அறிவித்தது. 04, 08, 36 என எண்களே அவற்றுட் பலவற்றின் பெயர்கள். பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களை விட்டு ஈப்போவின் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தோர் லயத்து உறவையும் கோயிலையும் திடலையும் ஒருசேர இழந்தனர். அந்த வெறுமையில் 'தம்பி' என்று அழைத்தவரிடம் பிள்ளைகள் சென்று சேர்ந்தனர். பெயர் போய் எண் வந்தது.

அரசியல் தீவிரவாதமும் குண்டர் கும்பலும் ஒன்றல்ல. ஆயினும் ஆளைப் பற்றும் வகை ஒன்றே. அமெரிக்க வெள்ளை இனவெறி இயக்கங்களை விட்டு விலகிய 89 பேரின் வாழ்க்கையைப் பீட் சிமியும் உடன் ஆய்வாளரும் கேட்டறிந்து 2017இல் எழுதினர். கொள்கையைக் கைவிட்ட பின்னும் பழைய வெறுப்புச் சொற்கள் அவர்கள் நாவில் தாமாகவே எழுந்தன. இது போதைப் பழக்கத்தை ஒத்தது என்பது அவர்கள் முடிவு.

நாம் அறிந்த இளைஞர் ஒருவர் கும்பலை விட்டு மூன்றாண்டு கடந்தவர். ஓர் இறுதி ஊர்வலத்தில் பழைய முழக்கம் கேட்டதும் தம் கை தானே உயர்ந்ததைக் கண்டு அஞ்சி வந்து நின்றார். "ஐயா, நான் இன்னும் வெளியே வரவில்லையா?" என்றார். கை உயர்ந்ததை உணர்ந்ததே வெளியே வந்ததற்குச் சான்று என்றோம்.

நம் இலக்கணம் 'திருந்து' என்பதைத் தன்வினை என்றும் 'திருத்து' என்பதைப் பிறவினை என்றும் வேறுபடுத்தும். பெற்றோரும் பள்ளியும் பெரும்பாலும் பிறவினையிலேயே பேசுகிறோம்: "இவனைத் திருத்துங்கள்." கட்டுரை திருத்தலாம், மனிதன் திருந்தத்தான் முடியும். அதற்குத் துணையே பிறர் தருவது. 1998இல் சுவீடனில் 'எக்சிட்' அமைப்பைத் தொடங்கியவர் தாமே அவ்வழியிலிருந்து மீண்டவர் என்பதை நினைவிற் கொள்வோம்.

போதை என்று சொல்வதால் குற்றம் கழுவப்படாது. அடிபட்டவரின் வலிக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். ஆனால் ஒருமுறை சறுக்கியவனை 'பழைய கும்பல்காரன்' என்று வகுப்பறை அழைத்தால், எண்ணை நாமே மீண்டும் அவன்மேல் எழுதுகிறோம்.

ஆகவே ஆசிரியர்களே, வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரால் அவனை நாள்தோறும் அழையுங்கள். வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். மாணவர்களே, திரும்பி வரும் தோழனுக்கு அமர ஓர் இடம் விடுங்கள்.