பாட்டும் பங்கும்



பாட்டின் பொருளை நாளெல்லாம் ஆராயும் நாம், பாட்டால் வரும் பொருளைப் பேசக் கூசுகிறோம். அக்கூச்சத்தால் நேரும் இழப்பு நம் பிள்ளைகளையும் சேர்கிறது.

சட்டச் சொற்கள் இரண்டை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். உரிமை மாற்றம் என்பது நிலத்தை விற்பது போன்றது; உரிமம் என்பது குத்தகைக்கு விடுவது போன்றது. பாட்டு பயன்படுந்தோறும் வந்து சேரவேண்டிய பங்கே ராயல்டி எனும் உரிமைத்தொகை.

ஊதியம் பெற்றுத் திரைப்படத்திற்கு எழுதிய பாட்டுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லையெனில், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் கவிஞருக்குக் கைகொடுத்தது. திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது நீங்கலாக, வானொலி, தொலைக்காட்சி, இணையம் என எவ்வழியில் பயன்படினும், உரிமை பெற்றவரோடு சமபங்கு ராயல்டி பெறும் உரிமையைக் கவிஞர் விட்டுக்கொடுக்க இயலாது. சட்ட வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்திற்கோ மட்டுமே அதை மாற்றித் தரலாம்.

இன்னும் கேளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு அமைதல் வேண்டும். காலம் குறிக்காவிடின் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். இடம் குறிக்காவிடின் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். பதிப்புரிமையோ கவிஞர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நிற்கும். ஆகவே, நாம் இன்று இடும் கையொப்பம் பெயரப்பிள்ளைகளையும் கட்டும்.

சீரும் தளையும் எண்ணிப் பாடுவோர் நாம். ஒப்பந்தத்தின் காலத்தையும் எல்லையையும் எண்ணிப் பார்த்தே கையொப்பமிடுவோமாக!