கோள் சொல்வதும் உண்மை சொல்வதும்



நம் தோட்டங்களில் ஒருவரை ஒதுக்கிவைக்க ஒரு சொல் போதும்: “காட்டிக்கொடுப்பவன்.” இந்த வெறுப்புக்குக் காரணம் உண்டு. லயத்தில் பேசியதைக் கங்காணியிடமும் துரையிடமும் கொண்டுபோய்ச் சொல்லி, கூட வேலை செய்தவர்களின் பிழைப்பைக் கெடுத்தவர்களை நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். ஆனால், மேலே இருப்பவர்கள் செய்யும் தவற்றைக் கீழே இருப்பவர் எடுத்துச் சொன்னால் அதுவும் கோள் ஆகுமா? தோட்டத்துக் கோயில் கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்கிறோம். அதை யாரும் கோள் என்பதில்லை. அரசாங்கப் பணமும் அப்படித்தான். அதிலே நம் பங்கும் இருக்கிறது.

நம் நெகிரி செம்பிலானிலேயே ஓர் உதாரணம் உண்டு. கிம்மாஸில் மாடு வளர்க்கும் தேசியத் திட்டத்துக்கு அரசாங்கம் 25 கோடி வெள்ளி கடன் ஒதுக்கியது. திட்டம் இலக்கை எட்டவில்லை என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2010-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. 2012-இல் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ரஃபிஸி ரம்லி, அந்நிறுவனம் தொடர்பான வங்கிக் கணக்கு விவரங்களைப் பத்திரிகைகளுக்கு வெளியிட்டார். நிறுவனத் தலைவர் மீதான வழக்கு 2015-இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. விவரம் வெளியிட்டவருக்கோ, வங்கிச் சட்டத்தின்கீழ் 2018-இல் 30 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2019-இல் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது.

தகவல் தருவோரைப் பாதுகாக்க 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்க அலுவலகங்களிடம் சொன்னால்தான் அந்தப் பாதுகாப்பு. பத்திரிகையிடமோ, அரசியல்வாதியிடமோ, கூட்டத்திலோ முதலில் சொன்னால் கிடைக்காது. முறைப்படி சொன்னவரின் பெயரை இரகசியமாக வைக்க வேண்டும்; அதற்காக அவரை வேலையிலிருந்து நீக்குவதும் பழிவாங்குவதும் கூடாது. பொய்யென்று தெரிந்தே சொன்னவருக்கோ இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே, எங்காவது இலஞ்சமோ மோசடியோ கண்ணில் பட்டால் என்ன செய்வது? முதலில், கண்டதையும் கேள்விப்பட்டதையும் கலக்காமல் தேதி, இடம், தொகை ஆகியவற்றை எழுதி வைப்போம். பிறகு உரிய அலுவலகத்தில் சொல்வோம். கடைத்தெருவில் பேசித் திரிய வேண்டாம்.

சட்டம் வேலையைக் காக்கலாம். அக்கம்பக்கத்தாரின் பேச்சை அது தடுக்காது. உண்மை சொன்னவர் வீட்டுக் கலியாணத்துக்குப் போவதும், அவர் பிள்ளைகளோடு நம் பிள்ளைகளை விளையாட விடுவதும் நம் கையில்தான் இருக்கின்றன. அந்த ஆதரவை நாம் கொடுத்தால், அடுத்தவர் பேசத் தயங்கமாட்டார்.