தொண்டர் விருதுகளும் சங்கங்களின் கடமையும்



உக்கடம் பெரியகுளத்தின் கரையில் இன்று மாலைநேரம் உலவுவோர் பலருக்கு 2013ஆம் ஆண்டின் கோடை நினைவில் இராது. நொய்யலின் நீரை ஏற்று நின்ற அக்குளம் அப்போது வறண்டு கிடந்தது. மாநகராட்சியும், 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சிறுதுளி அமைப்பும், குடியிருப்போர் சங்கங்களும் கைகோத்துத் தூர்வாரும் பணியை மேற்கொண்டன. மாணவர், வணிகர், தொழிலாளர், இல்லத்தரசியர் என ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியும் கூடையுமாக வந்து சேர்ந்தனர். அவர்களுள் எத்தனை பேருடைய பெயர் ஏதேனும் ஒரு சங்கத்தின் ஏட்டில் எழுதப்பட்டுள்ளது? அன்று இருபது வயதில் மண் சுமந்தவர் இன்று முப்பதைக் கடந்துவிட்டார். எழுதி வைக்க இன்னும் காலதாமதம் செய்தால், சொல்வதற்கும் ஆள் இருக்கமாட்டார்.

புகழை நாடாத தொண்டே உயர்ந்தது என்பது பலரின் கருத்து. குரோதம், மானம், மாயை, உலோபம் எனும் நான்கு கஷாயங்களைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த இல்லங்களில், விருது என்றவுடன் ஒரு கூச்சம் எழுவது இயல்பே. ஆனால் அக்கூச்சம் தொண்டு செய்தவருக்கு அழகு. அருகிருந்து கண்ட சங்கத்துக்கு அழகன்று. குணத்தில் மேம்பட்டோரைக் கண்டு உவக்கும் பிரமோத பாவனையை மைத்திரி, கருணை, மத்தியஸ்தம் ஆகியவற்றோடு ஒருங்கே வைத்துரைக்கிறது தத்துவார்த்த சூத்திரம். ஓர் உறுப்பினரை விருதுக்குப் பரிந்துரைப்பது அந்த உவகையை எழுத்தில் வடிப்பதேயாகும்.

கோவையிலேயே சான்று உண்டு. அரசுப் பேருந்து நடத்துநராகிய மாரிமுத்து யோகநாதன் பயணச்சீட்டோடு மரக்கன்றையும் பயணிகளுக்கு வழங்கிவந்தவர். 2021ஆம் ஆண்டு பிரதமரின் வானொலி உரையில் அவர் பெயர் இடம்பெற்றது. கைநிறையக் கன்றும் சீட்டுமாக நிற்பவருக்கு விண்ணப்பம் நிரப்ப நேரமேது? அந்த வேலை பிறருடையது. அதே ஆண்டில், நூறு வயதைக் கடந்த தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் இயற்கை வேளாண்மைக்காகப் பத்மஸ்ரீ பெற்றார். அவ்விருதுக்குக் குடிமக்கள் எவரும் இணையவழிப் பரிந்துரைக்கலாம். பணியின் விவரத்தை 800 சொற்களுக்குள் எழுதவேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்க்கும் அலுவலர்க்கும் 1993-94 முதல் தேசிய விருதுகள் உள்ளன.

இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும. ரோட்டரியின் பால் ஹாரிஸ் தகுதியும் அரிமா சங்கத்தின் மெல்வின் ஜோன்ஸ் தகுதியும் பெரும்பாலும் 1,000 டாலர் நன்கொடையோடு தொடர்புடையவை. ஈகையும் பாராட்டுக்குரியதே. எனினும் மருத்துவ முகாமில் காலை ஐந்து மணிக்கு வந்து நாற்காலி அடுக்கியவரை அந்தப் பட்டியலில் தேடிக் காண்பது அரிது. சங்கம் தன் உறுப்பினர்க்கென வழங்கும் விருது அவரையே முதலில் நோக்கவேண்டும். தலைவர், செயலர், புரவலர் என முறைவைத்துப் பொன்னாடை போர்த்தும் வழக்கம் நீடித்தால் இளைஞர் ஓராண்டு வருவர். மறு ஆண்டு வாரார். அவர்களைக் குறைகூற இயலாது.

பரிந்துரைகள் தோற்பது பெரும்பாலும் தகுதிக் குறைவாலன்று, விவரக் குறைவால். "அரும்பணி ஆற்றினார்" என்னும் வரியைப் படித்து எந்த நடுவர் எதை அறிவார்? எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி நேரம், எத்தனை பேருக்குப் பயன் என்று எழுதினால் நான்கு வரியே போதும். இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒவ்வொரு முகாமின் முடிவிலும் வந்தவர் பெயரையும் செய்த வேலையையும் குறிக்க ஒரு குறிப்பேடும், அதற்கெனப் பொறுப்பேற்கும் ஓர் உறுப்பினரும் இருந்தால் ஆண்டின் இறுதியில் பரிந்துரை தானே உருவாகிவிடும். நிழற்படம் இரண்டு இருப்பின் நன்று. மேடையில் எடுத்ததன்று, வேலை நடந்த இடத்தில் எடுத்தது.

ரோட்டரி, அரிமா சங்கங்களின் ஆண்டு ஜூன் 30 அன்று முடிவடைகிறது. ஆதலின் மே மாதக் கூட்டத்திலேயே குறிப்பேட்டை விரித்து, இதுவரை மேடையேறாத மூவரின் பெயரைத் தேர்ந்து, அவர்களுடைய பணியை எழுதுவோர் யார் என்பதையும் அக்கூட்டத்திலேயே முடிவுசெய்துகொள்வது நலம்.